முழங்காலுக்கு எதற்கு இந்த டப்பா?

ஆஸ்பத்திரியின் லேப் கட்டடத்தில் கீழ்த்தளத்துக் கடைசி அறைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும், அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். கதவுக்கு மேலே 'மலப் பரிசோதனை' என்று எழுதியிருக்கும். உள்ளே இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆளின் ராஜ்ஜியம். ஆஸ்பத்திரி முழுக்க அவளைக் கறாரக்கா என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அதைப் படிக்கிற அளவுக்குக் கிட்டே போக யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

வேலையில் சேர்ந்த அன்று ரத்தப் பிரிவில்தான் உட்காரப்போகிறோம் என்று வெள்ளைக் கோட்டைப் புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "அங்கே இடமில்லம்மா, ஒரு மாசம் மட்டும் இங்கே இரு" என்று அனுப்பினார்கள். அந்த ஒரு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் மூன்று முறை மாற்றலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் மாட்டேன் என்றுவிட்டாள். ரத்தம் எல்லாருக்கும் ஒரே சிவப்புதானே, அதில் என்ன சுவாரஸ்யம் என்பாள். அவள் புருஷன் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். "இருபது வருஷமா உன் கையால சாப்பிடுறேன் பாரு, எனக்குத்தான் மெடல் குடுக்கணும்" என்று இன்றைக்கும் வம்புக்கு இழுப்பார். "ஒரு நாளைக்கு நாப்பது தடவை கை கழுவுறேங்க நான். நீங்க எத்தனை தடவை கழுவுறீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவள் திருப்பிக் கேட்டால் மனிதர் கப்சிப்.

கறார் என்றால் அப்படி ஒரு கறார். டப்பா மேலே பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும், எடுத்த நேரம் வேண்டும். கூட வரும் படிவத்தில் எந்தப் பிரிவு, எதற்காக என்று இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் 'ஏற்கப்படவில்லை' என்று சிவப்பு முத்திரை விழும். டப்பா குப்பைக்கும் படிவம் வந்த வழிக்கும் போய்ச் சேரும். கொண்டு வந்தவர் பெரிய டாக்டரின் மச்சானாகவே இருந்தாலும் சரிதான். இதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவள் சேர்ந்த முதல் வருஷம், பெயர் சரியாக எழுதாத இரண்டு டப்பாக்கள் இடம் மாறிப்போய், ஒருவருக்கான மருந்தை இன்னொருவர் மூன்று வாரம் விழுங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மாற்றி வைத்தது அவள் இல்லை. ஆனாலும் அந்த ஆளின் மனைவி அறை வாசலில் வந்து நின்று பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவளை விடவேயில்லை. அன்றைக்குப் பிடித்தது இந்தக் கறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அறைக்கு ஒரு புதுப் பரிசோதனை வந்தது. குடல் வீங்கிப் புண்ணாகியிருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே கும்பலாகப் போய் ஒரு புரதத்தைக் கொட்டும். அது மலத்தோடு வெளியே வரும். அதை அளந்து ஓர் எண் சொல்லிவிடலாம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மேலே ஏற ஏற உள்ளே என்னமோ நடக்கிறது என்று அர்த்தம். குழாய் விடாமலே குடலுக்குள் எட்டிப் பார்க்கிற வித்தை! கறாரக்காவுக்கு இதன் மேல் தனிப் பிரியம். வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமைதான் செய்வாள். குடல் பிரிவிலிருந்து வரும் டப்பாக்களைச் சேர்த்து வைத்திருந்து, குழிகுழியாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவாள்.

எப்போதாவது மூட்டுப் பிரிவிலிருந்தும் ஒரு டப்பா வந்து நிற்கும். அந்தப் பிரிவு எழுத்தருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்பது அவள் முடிவு. போன மாதமும் அப்படி ஒன்று வந்தது. பத்து வயதுப் பெண். 'எதற்காக' என்ற கட்டத்தில் 'முழங்கால், குதிகால் வீக்கம்' என்று எழுதியிருந்தது. கறாரக்கா வாய்விட்டே சிரித்தாள். முழங்கால் வீங்கினதுக்கு இதை எதுக்குப் பார்க்கணும்? எவனோ தூக்கக் கலக்கத்தில் தப்பான சீட்டை எடுத்திருக்கிறான்! அடித்தாள் முத்திரையை.

இரண்டு வாரம் கழித்து அதே பெண், அதே படிவம், அதே முழங்கால். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. முத்திரையோடு விடாமல் ஒரு துண்டுச் சீட்டில் சிவப்பு மையில் கைப்பட எழுதியும் அனுப்பினாள்: 'முழங்காலுக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. படித்துப் பார்த்து அனுப்பவும்.' எழுதி முடித்தபோது மனசுக்குள் ஒரு திருப்தி வந்ததே, அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூட்டு டாக்டர் கீழ்த்தளத்துக்கு ஓடி வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். குழந்தைகளின் மூட்டுகளை மட்டும் பார்ப்பவர், வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூச்சு வாங்கியது.

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"நான்தான். ஏன், கையெழுத்து புரியலையா?"

"ரொம்ப நல்லாப் புரியுது. அதான் மூணு மாடி இறங்கி ஓடி வர்றேன். அந்த டப்பாவை அனுப்பினது எழுத்தர் இல்ல, நான். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

கறாரக்கா கையுறையைக் கழற்றினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அறைக்கு ஒரு டாக்டர் நேரில் வந்தது இதுதான் முதல் தடவை. "முழங்காலுக்கா?" என்றாள், கொஞ்சம் சந்தேகமாக.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்க. சில குழந்தைங்களுக்கு மூட்டு வீங்குது, குதிகால் வலிக்குது, காலையில ஒரு மணி நேரம் கால மடக்க முடியல. நாம மூட்டை மட்டும் பார்க்கிறோம். ஆனா அந்தக் குழந்தைங்கள்ல கொஞ்சம் பேருக்குக் குடல்லயும் வீக்கம் இருக்கு. வெளிய தெரியாது. ரத்தம் போகாது, பெருசா வயித்து வலியும் இருக்காது. எதிர்ப்பு சக்தி குடல்ல போய் தப்பா சண்டை போடுது, அதே சண்டை மூட்டுலயும் நடக்குது. எது எதைக் கிளப்பி விடுதுன்னு உலகத்துல யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியல. ஆனா ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. எந்தக் குழந்தைக்குன்னு எனக்குத் தொட்டுப் பார்த்துத் தெரியாது. உங்க தட்டுக்குத்தான் தெரியும்."

கறாரக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் ஒரு கடுகளவுத் துண்டிலிருந்து குடலைப் பார்த்தவள். அதிலிருந்து முழங்காலையும் பார்க்கலாமா? அடேயப்பா! அடுத்த நொடியே அந்தச் சிவப்பு முத்திரை ஞாபகம் வந்தது. "அப்ப அந்தப் பொண்ணு?"

"ஒரு வருஷமா எடை ஏறல. சாப்பிட மாட்டேங்குறா. எனக்குச் சந்தேகம். ஆனா வலி மாத்திரையே குடலை லேசாப் புண்ணாக்கும், அதனால எண் ஏறிடலாம். அதுக்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். பதினாலு நாள் அந்தக் குழந்தை வலியைப் பொறுத்துக்கிட்டுக் குடுத்தது முதல் டப்பா. அதைத் தூக்கிப் போட்டுட்டீங்க. இன்னும் பதினாலு நாள் பொறுத்துக்கிட்டுக் குடுத்தது ரெண்டாவது."

கறாரக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க எழுத்தர் உங்களுக்குப் பயந்துக்கிட்டு, என்கிட்ட சொல்லாம, அவங்க அம்மாகிட்ட முதல் தடவை 'இன்னொண்ணு கொண்டு வாங்க'ன்னும் ரெண்டாவது தடவை 'டெஸ்ட் வேண்டாமாம்'னும் சொல்லிட்டாரு. நான் இன்னைக்கு, ஏம்மா கொண்டு வரலன்னு அந்த அம்மாவையே திட்டினேன். அவங்க பையிலருந்து இதை எடுத்து மேஜை மேல வச்சாங்க. நான் எப்பவும் என்ன நினைச்சேன்னா, எழுதிக் குடுத்தா பாதிப் பேர் கூச்சப்பட்டுக்கிட்டுக் கொண்டு வர்றதில்லன்னு நினைச்சேன்."

அந்தக் கடைசி வரி கறாரக்காவின் காதில் முள்ளாக நின்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டாள். "இப்ப எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"வெள்ளிக்கிழமை மருந்துக்கு அனுமதி குடுக்கிற கமிட்டி கூடுது. மூட்டுக்குன்னு ஒரு ஊசி தயாரா இருக்கு. நல்ல ஊசிதான், ஆனா அது குடலைக் கவனிக்காது. குடல் பாட்டுக்கு வீங்கிட்டே இருக்கும். இன்னொண்ணு இருக்கு, ரெண்டையும் அடக்கும். ஆதாரம் இல்லாம அதைக் கேட்டா குடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை என் கையில ஒரு எண் வேணும்."

"அப்ப வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள்ள எனக்கு டப்பா வேணும். அஞ்சு மணிக்கு எண் உங்க கையில."

"அதான் சிக்கலே. மாத்திரையை இன்னும் திரும்ப ஆரம்பிக்கல, ஆனா அந்தப் பொண்ணு இனிமே தர மாட்டேன்னுட்டா. அவங்க அம்மாவும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க."

"வீட்டு முகவரி குடுங்க" என்றாள் கறாரக்கா.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த கையோடு கிளம்பினாள். லிப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. ஏறும்போது படிகளை எண்ணினாள். ஐம்பத்து நான்கு. பத்து வயதுக் குழந்தை முழங்காலை வைத்துக்கொண்டு இதில் எப்படி இறங்கும் என்று நினைத்தபோதே கதவு வந்துவிட்டது.

அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். அலுவலக உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. கறாரக்கா யார் என்று சொன்னதும் அந்த முகம் இறுகியது. "எதுக்கு வந்தீங்க? முத்திரை அடிக்க இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"யாரும்மா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "அந்த 'கிடையாது' ஆன்ட்டியா? வரச் சொல்லு. நான் பார்க்கணும்."

சோபாவில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வாய் மட்டும் வக்கீல் வாய். மேஜையில் சாப்பாட்டுத் தட்டு தொடாதபடியே இருந்தது, மூலையில் இரண்டு கவளம் குறைந்திருக்கலாம். அவளுடைய தாய்மாமன், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுவரோரம் நின்றான். அப்பாவுக்கு வெளியூர் வேலை. வீட்டில் இந்த மூன்று பேர்தான்.

"பதினாலும் பதினாலும் எத்தனை ஆன்ட்டி?" என்று கேட்டது அந்த வாண்டு.

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டு நாள் மாத்திரை போடல. ராத்திரி அழுதா அம்மா முழிச்சுக்குவாங்கன்னு போர்வையைக் கடிச்சுக்கிட்டேன். நீங்க அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்க."

வழி முழுக்க கறாரக்கா பேச்சைத் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். விதிமுறை என்று ஒன்று இருக்கிறது, படிவத்தில் தெளிவாக இல்லை, என்னிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாம் நியாயமான பேச்சுதான். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று எல்லாம் ஓடிப்போயிற்று.

"ஆமா, தூக்கிப் போட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியல. தெரியலன்னா கேட்டிருக்கணும். கேக்காம பெரிய இவளாட்டம் சிரிச்சுக்கிட்டே முத்திரை அடிச்சேன். தப்பு என்னுது."

தாய்மாமன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை வச்சு அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

அவ்வளவுதான்! இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் 'லேப்ல வேலை' என்பதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மீறிச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டைத் தள்ளி வைப்பார். இங்கே ஒரு ஆள் கேட்கிறது! கறாரக்கா தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஒரு கடுகளவு எடுப்பது, நிறுத்துப் பார்ப்பது, ஒரு நீரில் கலக்குவது, மெஷினில் போட்டுச் சுற்றுகிற சுற்றில் கசடெல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்வது, மேலே தெளிந்து நிற்பதில் ஒரே ஒரு சொட்டைக் குழியில் விடுவது. "அப்புறம் ஒரு மருந்து விடுவேன். உன் குடல் சமத்தா இருந்தா குழி அப்படியே தண்ணியா நிக்கும். உள்ள வீக்கம் இருந்தா நீலம் வரும். இன்னொரு சொட்டு விட்டா அந்த நீலம் பளிச்சுனு மஞ்சளா மாறும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு எண்."

"நிஜமாவா?" பெண்ணின் கண் விரிந்தது. "எனக்கு எவ்வளவு வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன். ஐந்நூறுக்கு மேல. என்ன பந்தயம்?"

"ஐயோ, அபசகுனமாப் பேசாதடி!" என்று அம்மா பதறினாள்.

"போம்மா, என் வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத்தானே தெரியும்? சொன்னா நீ நம்பினியா?" என்றுவிட்டு, கறாரக்கா பக்கம் திரும்பினாள். "தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். எண் வந்ததும் டாக்டருக்கு முன்னாடி எனக்குத்தான் சொல்லணும்."

கறாரக்கா திணறிப் போனாள். முடிவு டாக்டருக்குத்தான் போக வேண்டும். நோயாளிக்கு நேரே சொல்லக் கூடாது. இதற்காக அவளே ஒரு ஜூனியரை அழ அழத் திட்டியிருக்கிறாள். "சரி" என்றாள். சொல்லிவிட்டு, தானா சொன்னோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. ஒன்பது மணிக்கு மற்ற டப்பாக்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, ஒரு குழியை மட்டும் காலியாக விட்டு வைத்தாள். பத்து மணிக்குப் போன் வந்தது. அம்மாதான். "அக்கா, இன்னும் வரல."

"பரவாயில்ல, அவசரப்படுத்தாதீங்க. வெதுவெதுன்னு தண்ணி குடுங்க."

பதினொன்றுக்கு மறுபடி போன். "உட்கார்ந்திருக்கா. வரல. பயத்துலயே வரமாட்டேங்குது போல."

பதினொன்றரைக்குக் கறாரக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து அறை ரத்தப் பிரிவுக்காரி தலையை நீட்டினாள். "என்னக்கா, பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நடக்குறீங்க?" விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குள் கீழ்த்தளம் முழுக்கச் செய்தி பரவி, சிறுநீர்ப் பிரிவு, மருந்துக் கிடங்கு, துணி மூட்டை தள்ளுகிறவர் வரை எல்லாரும், "வந்துச்சா?" "இன்னும் இல்லையாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். லேப் தலைவர் வந்து, "ஒருத்தருக்காக எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கியா? நீயா?" என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு மணி வரைக்கும் என் நேரம் சார்" என்று அவரையும் துரத்தினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. அந்தப் பக்கம் தாய்மாமன், தொண்டை கிழியக் கத்தினான். "அக்கா! வந்துடுச்சு! பத்தே நிமிஷம், நான் வண்டியில இருக்கேன்!"

"வந்துடுச்சு!" என்று கறாரக்காவும் கத்தினாள். கீழ்த்தளமே கை தட்டியது. வராந்தாவில் காத்திருந்த ஒரு பெரியவர், யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து, "என்ன குழந்தை?" என்று விசாரித்தார்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் தாய்மாமன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கறாரக்கா வாங்கிப் பார்த்தாள். பெயர் இருந்தது, நேரம் இருந்தது, பிறந்த தேதி இல்லை. பேனாவை அவன் கையில் திணித்து, "எழுது" என்றாள். அவனுக்குத் தேதி ஞாபகமில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, திட்டு வாங்கி, எழுதினான். டப்பா உள்ளே போனது.

அடுத்த மூன்றரை மணி நேரம் அவள் யாரோடும் பேசவில்லை. கலக்கினாள், சுற்றினாள், சொட்டு விட்டாள், கழுவினாள், காத்திருந்தாள். கடைசியில் வண்ண மருந்தை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். முதல் வரிசையில் லேசாக ஓரிரண்டு நீலம். மூன்றாவது வரிசைக் கடைசிக் குழி, அந்தப் பெண்ணுடையது, முதலில் தண்ணீராகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம். ஓரத்தில் ஒரு சாயல். அப்புறம் பாருங்கள், குழி முழுக்கக் கிடுகிடுவென்று நீலம் ஏறியது. நிறுத்தும் சொட்டை விட்டதும் பளிச்சென்று மஞ்சள். மெஷின் எண்ணைத் துப்பியது: அறுநூற்று எண்பது.

"இருக்கு!" என்று மேஜையைத் தட்டினாள். ஒரு குழந்தையின் குடல் வீங்கிக் கிடக்கிறது, அதற்குப் போய்க் குதிக்கிறோமே என்று மறு நொடியே சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. ஒரு வருஷமாக ஒளிந்திருந்தது இப்போது கையில் மாட்டிக்கொண்டது, இனிமேல் அதை ஒரு கை பார்க்கலாம்.

சொன்ன வாக்குப்படி முதல் போன் அந்த வீட்டுக்கு. "அறுநூற்று எண்பது."

"ஜெயிச்சுட்டேன்!" என்று அங்கே ஒரு கூச்சல். "அம்மா, ஜெயிச்சுட்டேன்! நான் நடிக்கல! எனக்கு நிஜமாவே சாப்பிட முடியலம்மா!"

அப்புறம் போனை அம்மா வாங்கினாள். "சாப்பாட்டைக் கண்டா அடம் பிடிக்கிறாள்னு அடிச்சிருக்கேன் அக்கா. பாத்ரூம்ல போய் உட்கார்ந்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்கிறாள்னு கதவைத் தட்டித் தட்டித் திட்டியிருக்கேன்." அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூட்டு டாக்டர் மறுபடி மூன்று மாடி இறங்கி ஓடி வந்தார். வாயெல்லாம் பல். கமிட்டி அந்த மூட்டு ஊசியை நிறுத்தி வைத்துவிட்டது. குடல் டாக்டர் திங்கட்கிழமையே குழாய் விட்டுப் பார்க்கிறார். அவர் கண்ணால் பார்த்து உறுதி சொன்னால் இரண்டையும் அடக்கும் மருந்து. அதுவரை குடலைத் தொடாத வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நேற்று ராத்திரி அந்தக் குழந்தை தூங்கியிருக்கிறது. டாக்டர் கறாரக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "எல்லா அம்மாக்களும் இவங்க மாதிரி கொண்டு வந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!"

கறாரக்கா கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்த முள். "கொண்டு வந்தாங்க டாக்டர்" என்றாள்.

"என்னது?"

திருப்பி அனுப்பிய படிவங்களுக்கென்று ஒரு தடித்த நோட்டு அலமாரியில் இருந்தது. காலையில் வந்ததும் வராததுமாக அதைத்தான் எடுத்து வைத்து, மூட்டுப் பிரிவு என்று இருந்த வரிகளிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அதைத் திறந்து மேஜையில் வைத்தாள். "இந்த ஒன்றரை வருஷத்துல, இவளைத் தவிர பதினொரு குழந்தைங்க. யாரும் கூச்சப்படல. எல்லாரும் கொண்டு வந்தாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

டாக்டர் நோட்டைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. "இவனுக்கு அந்த ஊசியைப் போட்டுட்டு இருக்கேன்" என்றார் மெதுவாக. "வயித்து வலின்னு போன மாசம்கூடச் சொன்னான். ஏன் கொண்டு வரலன்னு ஒருத்தர்கிட்டக்கூட நான் வாயைத் திறந்து கேக்கல அக்கா. நானாவே கூச்சம்னு முடிவு பண்ணிட்டேன்." நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "போன் நம்பரெல்லாம் மேல இருக்கு. நான் பேசுறேன்."

"நம்பரை மட்டும் குடுங்க. முத்திரை அடிச்சது நான். நான்தான் பேசணும்."

முதல் வரியிலிருந்த வீட்டில் போன் மூன்று தடவை மணி அடித்ததும் ஒரு அப்பா எடுத்தார். கறாரக்கா எந்தப் பிரிவு என்று சொன்னாள், எது தப்பாகப் போனது என்று சொன்னாள், தப்பு தன்னுடையது என்று சொன்னாள். அந்த மனிதர் கடைசி வரை கேட்டுக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். ஒரு வருஷமாக மகன் நொண்டுவதை, ராத்திரி முழுக்க அவன் காலைப் பிடித்துவிடுவதை, வேண்டாம் என்று சொன்னதால் ஏதோ பெரிதாக இல்லை என்று நம்பி நிம்மதியாக இருந்துவிட்டதை, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினார். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்கவும் இல்லை.

அவர் ஓய்ந்ததும் கேட்டாள். "எல்லாம் சரிதாங்க. முதல்ல டாக்டர் சொல்றபடி வலி மாத்திரையை நிறுத்தணும். அப்புறம் ஒரே ஒரு தடவை கொண்டு வருவீங்களா?"

அந்தப் பக்கம் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றார் அவர்.

சொன்னாள். நோட்டில் அவர் மகன் பெயருக்கு எதிரே தேதியை எழுதிக்கொண்டு, இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.